சாமி இல்லைன்னு சொல்றவங்ககிட்ட எல்லாரும் கேட்கும் கேள்விகள்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம், அலுவலகத்தில் சாப்பாட்டு வேளை, ரயிலில் எதிர் இருக்கை என்று எங்கே இது தெரியவந்தாலும் ஒரே கேள்விகள்தான் வரும். கேட்கிறவர்களில் பெரும்பாலோர் சண்டைக்காகக் கேட்பதில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பித்துச் சலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன. பதில்கள் என்னுடையவை. இன்னொரு நாத்திகர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

நாத்திகர்னா சாமிய திட்டுறவங்கதானே?

இல்லை. கடவுள் இருக்கிறார் என்று நம்பாதவர், அவ்வளவுதான். திட்டுவதும் திட்டாததும் அவரவர் சுபாவம். வாயே திறக்காத நாத்திகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவதில்லை என்பதால், மேடையில் பேசுகிறவர்களை வைத்தே எல்லோரையும் எடை போடுகிறார்கள்.

சாமியைத் திட்டுவதில் என் பாட்டியை மிஞ்ச ஆளில்லை. "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா" என்று மாரியம்மனிடம் நேருக்கு நேர் சண்டை போடுவார். அதைப் பக்தி என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

சாமி இல்லைன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?

முடியாது. ஆனால் நிரூபிக்க வேண்டியது நான்தானா என்பதுதான் விஷயம். உங்கள் கொல்லையில் புதையல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எங்கே என்று காட்ட வேண்டியது அவர். நீங்கள் கொல்லை முழுக்கத் தோண்டிப்போட்டு இல்லை என்று காட்டும்வரை நம்பித்தான் ஆகவேண்டும் என்றால், ஊரில் ஒரு கொல்லை மிஞ்சாது.

நாத்திகர்களுக்குள்ளும் இதில் வித்தியாசம் உண்டு. "கடவுள் இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரியார் சிலைப் பீடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. "நம்புவதற்குப் போதுமான காரணம் இதுவரை கிடைக்கவில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

சரி, ஏன் நம்பல? ஒரு காரணம் சொல்லுங்க.

ஒன்று மட்டும் என்றால் வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மாதாவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். சுனாமி வந்தது, நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அதை அற்புதம் என்று பலர் சொன்னார்கள், இன்னமும் சொல்கிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற முடிந்த சக்தி, அதைத் தேடி வந்த பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டது என்று கேட்டால், "அவர் சித்தம் நமக்குப் புரியாது" என்பார்கள். நல்லது நடந்தால் சித்தம் புரிகிறது, கெட்டது நடந்தால் மட்டும் புரியாமல் போகிறது. இந்தக் கணக்குதான் எனக்கு ஒத்துவரவில்லை. மற்றபடி நிலநடுக்கம், கடலடித் தட்டு நகர்வு, கரையின் மேடு பள்ளம் ஆகியவை என்ன நடந்தது என்பதை விளக்கிவிடுகின்றன.

மதங்கள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வது, பிறந்த வீட்டைப் பொறுத்தே சாமியும் அமைந்துவிடுவது என்று வேறு காரணங்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அவை இதற்கு அடுத்தபடிதான்.

உங்க வாழ்க்கையில ஏதோ பெரிய அடி விழுந்திருக்கும். அந்தக் கோபம்தானே? இல்லன்னா படிச்ச திமிரு.

கோபப்படுவதற்கு ஒருவர் இருந்தாக வேண்டும். இல்லாதவர்மேல் எப்படிக் கோபப்படுவது? அடி விழுந்தவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குத்தான் ஓடுகிறார்கள், நாத்திகத்துக்கு இல்லை.

திமிர் என்ற குற்றச்சாட்டு பழையது. பகத் சிங் லாகூர் சிறையில் இருந்தபோது சகதோழர்களே அவரிடம் இதைச் சொன்னார்கள்: பேரும் புகழும் தலைக்கேறிவிட்டது, அதனால்தான் கடவுளை மறுக்கிறாய் என்று. 1930-ல் அவர் அதற்குப் பதிலாகவே ஒரு கட்டுரை எழுதினார். புகழ் வருவதற்கு முன்பே நம்பிக்கை போய்விட்டது என்றும், தூக்குமேடையின் கீழ்ப் பலகை விலகும் நொடியோடு தன் கதை முடிந்துவிடும் என்று தெரிந்தே இதைச் சொல்வதாகவும் அதில் விளக்கினார். சொர்க்கம், மறுபிறவி என்ற ஆறுதல்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூக்கை எதிர்கொண்டபோது அவருக்கு வயது 23. அந்தக் கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்ததற்காக 1930-களில் ப. ஜீவானந்தத்தைப் பிரிட்டிஷ் அரசு கைது செய்தது.

இதெல்லாம் பெரியார் வந்து கெடுத்தது. அதுக்கு முன்னாடி நம்ம மண்ணுல நாத்திகம் ஏது?

மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர் எல்லோரும் பேசி முடித்தபின் கடைசியில் வருகிறவர் பூதவாதி. ஆத்திப்பூவும் வெல்லமும் மற்றதும் சேர்த்தால் போதை பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது என்கிறார் அவர். மறுபிறவி பொய், கண்ணால் காண்பதே சான்று என்றும் சொல்கிறார். மணிமேகலை சிரித்துவிட்டு, "உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்?" என்று மடக்குகிறாள். காப்பியம் அவர் பக்கம் இல்லை, ஆனால் பேசவிட்டுத்தான் மடக்கியது.

அச்சுக்கு வந்த நாத்திகமும் பெரியாருக்கு முந்தியதுதான். 1882-லிருந்து 1888 வரை சென்னையில் 'தத்துவ விவேசினி' என்று ஓர் இதழ் வந்தது. சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்தியது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் இயக்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பாக்கம் அ. வெங்கடாசல நாயகர் மத ஆசாரங்களைக் கடுமையாகத் தாக்கி நூல் வெளியிட்டபோது பெரியார் ஈரோட்டில் மூன்று வயதுக் குழந்தை.

ஒரு திருத்தம் எங்கள் பக்கத்துக்கும் உண்டு. சித்தர் சிவவாக்கியரை நாத்திகக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் சரியில்லை. நட்ட கல் பேசுமா என்று கேட்ட அதே மூச்சில் நாதன் உள்ளே இருக்கிறான் என்றவர் அவர். கல்லை வேண்டாம் என்றார், கடவுளை வேண்டாம் என்று சொல்லவில்லை.

தி.மு.க.காரங்க எல்லாம் நாத்திகர்தானே?

இல்லை. திராவிடர் கழகம் வேறு, தி.மு.க. வேறு. அண்ணா திருமூலரின் "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்ற வரியைக் கையில் எடுத்தபோதே அந்தக் கட்சி கடவுள் மறுப்பைத் தன் கொள்கையாக வைத்துக்கொள்ளவில்லை என்று தெளிவாகிவிட்டது. உறுப்பினர்களில் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்கள் ஏராளம்.

சாமி பயம் இல்லன்னா திருடாம, பொய் சொல்லாம எப்படி இருப்பீங்க?

நீங்கள் சாமி பார்க்கிறார் என்பதற்காக மட்டும்தான் என் கைப்பையைத் திறக்காமல் இருக்கிறீர்களா? இதைத் திருப்பிக் கேட்டால் எல்லோரும் "சேச்சே" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சேச்சேதான் எனக்கும் இருப்பது. அடுத்தவருக்கு வலிக்கும், நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும், சட்டம் இருக்கிறது, வளர்த்தவர்கள் அப்படி வளர்த்தார்கள் என்று உங்களைத் தடுக்கிற அத்தனையும் என்னையும் தடுக்கின்றன.

ஆந்திரத்தில் கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ் 1940-ல் நாத்திக மையம் தொடங்கினார். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், நாத்திகம் பேசியதால் கல்லூரி வேலையை இழந்தவர். மூத்த மகளைத் தலித் இளைஞர் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க அவரும் மனைவி சரஸ்வதியும் முடிவு செய்தார்கள். சேவாகிராமத்தில் நடத்திவைக்கக் காந்தியும் சம்மதித்தார். காந்தி கொல்லப்பட்ட பிறகு 1948 மார்ச்சில் அங்கேயே அந்தத் திருமணம் நடந்தது. சாமி பயம் உள்ள எத்தனை வீடுகள் அன்று இதைச் செய்திருக்கும்?

அப்ப ஸ்டாலின், மாவோ, போல் பாட்? லட்சக்கணக்குல கொன்னவங்க எல்லாம் நாத்திகர்தானே?

(ரஷ்ய ஸ்டாலின். நம் ஊரில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.) ஆமாம், அவர்கள் நாத்திகர்கள்தான். இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்கிற என் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோவியத் ரஷ்யாவில் தேவாலயங்களை இடித்தார்கள், பாதிரியார்களைச் சுட்டார்கள். போல் பாட்டின் கம்போடியாவில் பிக்குகளைக் கொன்றார்கள். கடவுள் மறுப்பை அரசாங்கம் துப்பாக்கி முனையில் திணித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவை சாட்சி.

இதிலிருந்து தெரிவது, நாத்திகராக இருப்பதால் ஒருவர் நல்லவராகிவிட மாட்டார் என்பது. அப்படி நான் எங்கேயும் சொல்லவில்லை. கெட்டவராகிவிட மாட்டார் என்றுதான் மேலே சொன்னேன்.

இந்து சாமிய மட்டும்தானே பேசுறீங்க? தைரியம் இருந்தா மத்த மதத்தப் பேசிப் பாருங்க!

அதிகம் வருகிற கேள்வி, பெரும்பாலும் குரலை உயர்த்திக் கேட்கப்படுவது. தமிழ்நாட்டு நாத்திகம் பல்கலைக்கழகத் தத்துவ வகுப்பில் பிறந்ததில்லை. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே சிலருக்கு அனுமதி இல்லை என்றபோது அங்கே போய்ச் சிறைப்பட்டவர் பெரியார். சாதிக்குக் கடவுளும் சாத்திரமும் காவல் நிற்கின்றன என்று கண்டதிலிருந்து அவர் நாத்திகத்துக்கு வந்து சேர்ந்தார். தன்னையும் தன்னைச் சுற்றியுள்ளவர்களையும் மிதித்தது எதுவோ அதைப் பேசினார். முஸ்லிம் வீட்டில் பிறந்த நாத்திகர் இஸ்லாத்தைத்தான் அதிகம் பேசுவார், கிறிஸ்தவ வீட்டுக்காரர் பைபிளை.

அப்படிப் பேசியவர்களுக்கு என்ன ஆனது என்றும் பார்க்கலாம். 2015-ல் டாக்காவில் புத்தகக் கண்காட்சிக்கு வந்து திரும்பும் வழியில் நாத்திக எழுத்தாளர் அவிஜித் ராய் வெட்டிக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் நம் கோயம்புத்தூரிலேயே, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர் ஒருவர், கடவுள் மறுப்புக் கருத்துகளுக்காக வெட்டிக் கொல்லப்பட்டார். தைரியம் இருந்தா பேசு என்று சவால் விடுகிறவர்கள் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. மூடநம்பிக்கைக்கு எதிராக வேலை செய்த நரேந்திர தபோல்கர் 2013-ல் புணேயில் காலை நடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த மதமானாலும் பேசுகிறவருக்கு ஆபத்து உண்டு.

அதேசமயம் மேடையில் ஒரு மதத்தைக் கிழித்துவிட்டு இன்னொன்றின் விழாவில் போய் வாழ்த்துரை வழங்குகிற அரசியல்வாதியை நாத்திகத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவந்தால், அந்த வாதத்தை நான் தாங்கிப்பிடிக்க மாட்டேன்.

பொங்கல் வைப்பீங்களா? தீபாவளி முறுக்கு சாப்பிடுவீங்களா? கோயிலுக்குள்ள வருவீங்களா?

வைப்பேன். சாப்பிடுவேன், கொடுத்தால் இன்னும் இரண்டு கேட்பேன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் போவேன், கல்வெட்டுப் படிக்க. தீபாவளியையே கொண்டாடாத நாத்திகர்களும் உண்டு, அது அவர்கள் கணக்கு. திருநீறு நீட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். குன்றக்குடி மடத்துக்குப் போன பெரியார் அடிகளார் தந்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. மரியாதை வேறு, நம்பிக்கை வேறு.

ஐயர் இல்லாம, மந்திரம் இல்லாம பண்ற கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

தமிழ்நாட்டில் செல்லும். பெரியார் தலைமையில் 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்த திருமணத்தை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். ஆனால் அப்படி நடந்த கல்யாணங்கள் செல்லாது என்று 1950-களில்கூட நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. பிள்ளைகளின் சொத்துரிமையே கேள்விக்குறியானது. அண்ணா முதலமைச்சரானதும் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகப் புரிகிற மொழியில் சொன்னால் போதும், அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால் போதும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் இதனால் செல்லுபடியாயின. 2023-ல் உச்ச நீதிமன்றம், ஊரறியப் பெரிதாக நடத்த வேண்டியதில்லை, வழக்கறிஞர்கள்கூட நண்பர் என்ற முறையில் நடத்திவைக்கலாம் என்று தெளிவுபடுத்தியது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். 7-ஏ இருவரும் சட்டப்படி இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். இங்கே சட்டம் உங்கள் நம்பிக்கையைக் கேட்பதில்லை, இந்து வீட்டில் பிறந்த நாத்திகரும் சட்டத்துக்கு இந்துதான். வேறு வேறு மதத்தில் பிறந்தவர்கள் என்றால் 1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம், முப்பது நாள் அறிவிப்போடு. எந்த முறையில் நடந்தாலும் பதிவு செய்வது 2009 சட்டப்படி கட்டாயம்.

பிள்ளைக்கு ஸ்கூல்ல மதம், ஜாதி என்ன போடுவீங்க? ரிசர்வேஷன் போயிடாதா?

காலியாக விடலாம். 1973-லேயே தமிழ்நாடு அரசு அதற்கு ஆணை போட்டிருக்கிறது, பல பள்ளிகளில் எழுத்தருக்குத்தான் தெரியாது. ஆணையின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். 2019-ல் திருப்பத்தூரைச் சேர்ந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார்.

இட ஒதுக்கீட்டில் யோசித்துச் செய்யுங்கள். பி.சி., எம்.பி.சி. சான்றிதழுக்குச் சாமி கும்பிடுகிறீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை, பிறந்த சமூகம்தான் கணக்கு. எஸ்.சி. என்றால் 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்குத்தான் உரிமை. மதம் என்ற இடத்தைக் காலியாக விட்டால் பிள்ளைக்குச் சிக்கல் வரலாம். கொள்கைக்காகப் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்கச் சொல்லி நான் யாரையும் தூண்ட மாட்டேன்.

தீ மிதிக்கிறாங்களே, கால் சுடலையே! அது சக்தி இல்லாம என்ன?

மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே சாம்பல் படிந்திருந்தால் இன்னும் மெதுவாக. ஒவ்வொரு அடியிலும் கால் படுகிற நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதே சூட்டில் இரும்புத் தகட்டை விரித்துப்போட்டால் பக்தரும் நடக்க மாட்டார், நானும் நடக்க மாட்டேன். திராவிடர் கழகத்தார் "கடவுள் இல்லை" என்று முழக்கம் போட்டுக்கொண்டே தீ மிதித்துக் காட்டியிருக்கிறார்கள், முதுகில் அலகு குத்திக் கார் இழுத்தும் காட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். நின்றாலோ தடுக்கி விழுந்தாலோ நன்றாகவே சுடும், திருவிழாக்களில் அப்படிச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

மற்ற அற்புதங்களுக்கு, ஒருகாலத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூரைச் சொல்வேன். ஏமாற்று வழிகளை அடைத்துவிட்டு அமானுஷ்ய சக்தியைக் காட்டுகிறவருக்கு லட்சம் ரூபாய் என்று 1960-களில் இலங்கையிலிருந்து அறிவித்தார். 1978-ல் இறக்கும்வரை பணம் அவரிடமே இருந்தது.

ராமானுஜனுக்கே நாமகிரித் தாயார்தானே கனவுல வந்து கணக்கு சொன்னாங்க? பெரிய அறிவாளிங்க எல்லாம் பக்திமான்கள்தான்.

ராமானுஜன் அப்படித்தான் நம்பினார், அதை நான் மறைக்க வேண்டியதில்லை. அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி தீவிர நாத்திகர். இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள், தேற்றங்கள் இன்றும் நிற்கின்றன. நாமகிரி சொன்னதென்றாலும் நிரூபணம் வேண்டும் என்று ஹார்டி கேட்டுக்கொண்டே இருந்தார். நோபல் பரிசு பெற்ற நம் சுப்ரமணியன் சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். பெயர்ப் பட்டியல் போட்டால் இரண்டு பக்கமும் நீளும், எதையும் முடிவு செய்யாது.

ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறப்ப "முருகா"ன்னு வாயில வராமலா போகும்?

வரலாம். "ஐயோ அம்மா" என்றும் வரும், அதற்காக அம்மா தியேட்டருக்குள் இருக்கிறார் என்று ஆகாது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சொல் பயத்தில் நாக்கில் வரும். பயத்தில் வருகிற நம்பிக்கையை நிதானத்தில் வந்த முடிவைவிட ஏன் பெரிதாக எடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. சாவுக்கு நேராக நின்ற பகத் சிங்கைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

செத்தா காரியம், திதி எல்லாம்?

கிடையாது. பெரும்பாலும் படத்திறப்பு வைப்போம், நாலு பேர் பேசுவார்கள், சாப்பாடு உண்டு. பெரியாரை 1973-ல் சென்னை பெரியார் திடலில் புதைத்தார்கள். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பது இப்போது பரவலாகிறது. கோவூர் கொடுத்தார், 2010-ல் மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதி பாசுவின் உடலும் கொடுக்கப்பட்டது. உயிருடன் இருக்கும்போதே உறுதிமொழிப் படிவம் எழுதி, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லியும் வையுங்கள். கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியது அவர்கள். அவர்கள் மறுத்தால் நீங்கள் எழுதியது வெறும் காகிதமாகிவிடும்.

நீங்களும் ஒரு மதம் மாதிரிதானே? பெரியார் சிலைக்கு மாலை போடுறீங்க, அவர் சொன்னதே வேதம்ங்கிறீங்க.

இந்தக் கேள்வி வலிக்கத்தான் செய்கிறது. பிறந்தநாளுக்கு மாலை போடுவது மரியாதை. சிலையிடம் யாரும் மகனுக்கு வேலை கேட்பதில்லை, அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் கேள்விக்கு அப்பாற்பட்டது என்று நடந்துகொள்கிறவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இருக்காது.

எம் பையன் சாமி இல்லைங்கிறான். குலதெய்வத்துக்கு மொட்டை போடணும்னா மாட்டேங்கிறான். நான் என்ன பண்றது?

முதலில், இது கூடாத சேர்க்கையால் வந்த கெட்ட பழக்கம் இல்லை என்று மேலே சொன்னதையெல்லாம் படித்தபின் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். கடவுளை நம்பாமலிருப்பதும் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தரும் மனச்சான்று உரிமைக்குள் வருவதுதான். பதினெட்டு வயது தாண்டியவன் என்றால் தலைமுடி அவனுடையது.

அவனுக்கும் ஒன்று சொல்கிறேன். அம்மா நேர்ந்துகொண்டதை அம்மா நிறைவேற்றட்டும், நீ கார் ஓட்டிக்கொண்டு போ. ஊரில் பங்காளிகளைப் பார்க்கலாம், கிடா வெட்டினால் சாப்பாடு நன்றாக இருக்கும். மொட்டை மட்டும் வேண்டாம் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், கோயில் வாசலில் நின்று அதற்கு மேல் சொற்பொழிவு வேண்டாம். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பங்கு முடிக்காணிக்கையைத் தம்பி கொடுத்துவிடுகிறான், பெட்ரோல் செலவு என்னுடையது.